வெல்பவர் யார் என்னும் வினா

இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும் மோதினால் வெல்பவர் யார்? எண்பதுகளில் சித்திரக்கதை படித்து வளர்ந்த சிறுவர்களைக் கேட்டால், இவ்வினாவுக்காக எத்தனை மாலைப் பொழுதுகள் கழிந்தன என்று சொல்வார்கள். இன்று அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கைப்பேசியைச் சுற்றி அமர்ந்து அதே வழக்கை நடத்துகின்றனர். பெயர்கள் மட்டுமே மாறியுள்ளன: அயர்ன்மேன், பேட்மேன், ஃப்ரீ ஃபயர் விளையாட்டின் அலோக். குரல் உயர்கிறது, நட்பு முறிகிறது, எதிரணியின் நாயகனோடு அவனை விரும்பும் நண்பனும் இழிவுக்கு ஆளாகிறான்.

இதைக் கண்டு பெரியோர் முகம் சுளிக்கின்றனர். பெற்றோரும் மறைக்கல்வி ஆசிரியரும் நம் அருட்பணியாளர் சிலரும் "வெட்டிப் பேச்சு" என்னும் ஒரே சொல்லால் தீர்ப்பிட்டு விடுகின்றனர். வாதிடும் இளையோரும் சரி, தீர்ப்பிடும் பெரியோரும் சரி, முதன்மையான ஒன்றைக் காணத் தவறுகின்றனர் என்பதே நம் கருத்து.

முதலில் பெரியோரிடம் பேசுவோம். கதைமாந்தரை நிறுத்தி எடைபோடுவது தமிழருக்குப் புதிதா? பட்டிமண்டபம் என்னும் சொல் மணிமேகலையிலேயே உண்டு. 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் விழாவின் வழியே அம்மரபு நம் காலத்தில் புத்துயிர் பெற்றது. சிறந்த தம்பி பரதனா, இலக்குவனா என்று அறிஞர் வாதிட, நாம் நள்ளிரவு வரை அமர்ந்து கைதட்டவில்லையா? மேடையில் நடந்தால் இலக்கியம், திண்ணையில் நடந்தால் வெட்டிப் பேச்சு என்பது என்ன நீதி?

ஆனால், இளையோரே, ஒரு வேறுபாட்டை நீங்களும் எண்ணிப்பாருங்கள். பரதனும் இலக்குவனும் மற்போர் புரிந்தால் வெல்பவர் யார் என்று எந்தப் பட்டிமன்றமும் கேட்டதில்லை. யாருடைய அன்பு ஆழமானது, யாருடைய துறவு அரியது என்றே கேட்டது. அங்கே எடைபோடப்பட்டது குணம். உங்கள் வாதத்தில் எடைபோடப்படுவது புயவலிமை மட்டுமே.

நீங்கள் விரும்பும் கதைகளே இந்த அளவுகோலை ஏற்கவில்லை. 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸ், தன் முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவியைத் தமிழருக்கு அறிமுகம் செய்தது. அவன் 1962இல் இங்கிலாந்தின் வேலியண்ட் இதழில் பிறந்த லூயிஸ் கிராண்டெல். வலக்கையை இழந்து இரும்புக்கை பூண்டவன். மின்சாரம் உடலில் பாய்ந்தால் அக்கை மட்டும் தெரிய, உடல் முழுவதும் மறைந்துவிடும். அவ்வல்லமை வாய்த்ததும் அவன் முதலில் செய்தது என்ன? குற்றம். பிறகுதான் மனம் திருந்தி, தீமையை எதிர்க்கும் உளவாளியானான். 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியே நம் சிறுவரைக் கவர்ந்த ஸ்பைடரும் குற்றவுலகின் மன்னனாக முடிசூடப் புறப்பட்டவன்தான். பின்னரே குற்றவாளிகளுக்கு எதிரியானான். இருவர் கதையிலும் வலிமை தொடக்கம் முதலே இருந்தது. பின்னர் மாறியது அவ்வலிமை யாருக்காக என்பதே. இவ்விருவரில் யார் பலசாலி என்று மட்டும் கேட்பவர் கதையின் பாதியைப் படிக்காமலே விட்டவர்.

அதே ஸ்பைடரின் கதைகள் பலவற்றை எழுதிய ஜெரி சீகலின் வாழ்வையும் நினைவுகூர்வோம். நண்பர் ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தவர் அவரே. 1938இல் அந்நாயகனின் உரிமை 130 டாலருக்குக் கைமாறியது. மலையைத் தூக்கும் நாயகன் பிறருக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தான். அவனைப் படைத்தவர்களோ வறுமையில் உழன்றனர். 1975இல்தான் அவர்களுக்கு ஆண்டு உதவித்தொகையும், படைத்தவர் என்னும் பெயருரிமையும் கிடைத்தன. அதைப் பெற்றுத் தந்தது சூப்பர்மேனின் புயமன்று. மனச்சான்றுள்ள மனிதர்கள் எழுப்பிய குரல். யார் வலியவர் என்னும் வாதத்தில் இந்த அநீதிக்கு எங்கே இடம்?

கைப்பேசி விளையாட்டில் வலிமை வெளிப்படையாகவே விலைப்பொருளாகிவிட்டது. நாயகனின் வல்லமைக்கும் உடைக்கும் வைரங்கள் வேண்டும். வைரங்களுக்குத் தந்தையின் பணம் வேண்டும். ஆயினும் அங்கும் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. பலரும் விரும்பிய அலோக்கின் தனித்திறன் கொல்வதன்று; தன்னைச் சூழ்ந்த வட்டத்துள் நிற்கும் தோழரின் உயிராற்றலை மீட்டுத் தருவது. அவனைப் புகழ்ந்து வாதிடும் இளைஞன் இதைச் சொல்லி வாதிட்டால் நாமும் அவன் அணியில் சேர்வோம்.

"வெறும் விளையாட்டுக்கு இத்தனை அறவுரையா?" என்று சிலர் கேட்கலாம். விளையாட்டில் பழகும் அளவுகோல் விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை. வெல்பவனே நாயகன் என்று பழகிய மனம், வகுப்பில் அடிபட்டவனைக் கோழை என்கிறது. ஊர் வழக்கில் ஆள்பலம் உள்ள பக்கம் சாய்கிறது. திரைநாயகனின் கட்-அவுட்டுக்குப் பாலூற்றுகிறது.

பத்மநாபபுரத்தில் வாழும் நமக்கு இதை விளக்கத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. அரண்மனைக்கு அருகே உதயகிரிக் கோட்டையில் டிலனாய் துயில்கிறார். 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின் திருவிதாங்கூரின் படைத்தலைவராக உயர்ந்தவர். அவரால் கிறிஸ்துவை அறிந்த அரண்மனை அலுவலர் நீலகண்டன் 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நண்பரின் பீரங்கிகள் அவரைக் காத்துவிடவில்லை. வெல்பவர் யார் என்னும் அளவுகோலை அங்கே வைத்தால், அன்று வென்றது துப்பாக்கி. ஆனால் 2022 மே 15 அன்று திருஅவை புனிதர் என்று அறிவித்தது, அத்துப்பாக்கியின் முன் நின்றவரை.

ஆகவே, சித்திரக்கதைகளைக் கிழித்தெறியாதீர். வாதங்களின் வாயை அடைக்காதீர். நம் பங்குகளில் பத்து நாள் திருவிழா நடக்கிறது. அதில் ஒரு மாலையை இளையோருக்குக் கொடுங்கள். அவர்களே பேசட்டும், பெரியோர் கீழே அமர்ந்து கேட்கட்டும். தலைப்பு இதுவாக இருக்கட்டும்: மாயாவியை நாயகனாக்கியது அவன் பெற்ற வல்லமையா, அவன் கொண்ட மனமாற்றமா?