தண்ணீர் படாத குழந்தை

நம் சங்கத்தின் பொங்கல் விழாப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த நண்பர் என்னிடம் கேட்டார்: "சார், ஞானஸ்நானம் வாங்காதவர்களுக்கு உங்கள் மதத்தில் மோட்சம் இல்லையாமே? அப்படியானால் நாங்கள் எல்லாம் எங்கே போவது?" அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு யாரும் சிரித்ததில்லை.

நாங்கள் தூத்துக்குடியிலிருந்து பம்பாய்க்கு வந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பம். 1974-இல் அக்காவுக்குத் தலைப்பிரசவம். ஆண் குழந்தை. ஊரிலிருந்து சம்பந்தி வீட்டார் ரயிலேறி வரட்டும், அதன் பிறகு கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அம்மாதான் சொன்னார். ஒன்பதாம் நாள் இரவு மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் விடிவதற்குள் குழந்தை போய்விட்டது.

அடக்கத்துக்குப் போய் நின்றபோது, மந்திரித்த நிலத்தில் இடமில்லை, சுவரோரமாகப் புதைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். செபம் இல்லை, மணி இல்லை. அது எந்தக் கோயில் என்பது இங்கே வேண்டாம். அம்மா அதன்பின் இருபத்து நான்கு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். "நான்தானே பொறுக்கச் சொன்னேன்" என்ற சொல் அவர் வாயிலிருந்து போகவே இல்லை.

அம்மாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் படித்த ஞான உபதேசம் அப்படி. தண்ணீராலும் ஆவியாலும் பிறக்க வேண்டும் என்று இயேசு நிக்கதேமிடம் சொன்னதாக யோவான் நற்செய்தியின் 3-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகுஸ்தினார் இதைக் கண்டிப்பாகவே எடுத்துக்கொண்டார். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைக்கும் தண்டனை உண்டு, ஆனால் அது மிக இலேசானது என்றார். பின்னால் வந்தவர்களுக்கு அது மனம் ஒப்பவில்லை. வேதனையும் இல்லாத, கடவுளின் தரிசனமும் இல்லாத 'லிம்போ' என்ற ஒரு நிலையைச் சொன்னார்கள். அது விசுவாசக் கோட்பாடாக ஒருநாளும் அறிவிக்கப்படவில்லை. ஆனாலும் கோட்பாடு போலவே வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது.

வேதாகமத்தில் மறுபக்கமும் இருக்கிறதே! சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? அன்றைக்கே வான்வீட்டில் இடம் கிடைத்தது. அப்போஸ்தலர் பணிகள் 10-ஆம் அதிகாரத்தில் கொர்னேலியு வீட்டார் மீது ஆவியானவர் முதலில் இறங்குகிறார், தண்ணீர் பிறகுதான் வருகிறது. 392-இல் வாலந்தினியன் என்ற இளம் அரசன் ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்த நிலையில் இறந்தபோது, அவன் விரும்பிக் கேட்டதே போதும் என்று ஆயர் அம்புரோஸ் அவன் சகோதரிகளைத் தேற்றினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் சபையின் பழைய சட்டம். கொடுப்பவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சபை கருதுவதைச் செய்யும் எண்ணமும், தண்ணீரும், சொல்ல வேண்டிய வார்த்தைகளும் போதும். அன்றிரவு எங்களோடு கண்கலங்கி நின்ற மராத்தி நர்ஸம்மாவே கொடுத்திருக்கலாம். பதற்றத்தில் எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. ஓர் இந்துப் பெண்ணின் கையால் ஊற்றும் தண்ணீரை ஏற்றுக்கொள்கிற கடவுள், தண்ணீர் கிடைக்காமல் போன பச்சைக் குழந்தையைத் தள்ளிவிடுவாரா?

சபையும் இந்தப் பக்கம்தான் நடந்து வந்திருக்கிறது. தன் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதிருந்து, மனசாட்சிப்படி கடவுளைத் தேடி வாழ்பவர்களும் மீட்படைய முடியும் என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. பந்தியில் கேட்ட நண்பருக்கு இதுவே என் பதில். பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்து, அதற்குள் குழந்தை இறந்துவிட்டால், ஆயரின் அனுமதியோடு சபை முறைப்படி அடக்கம் செய்யலாம் என்கிறது 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு. மீட்பை ஞானஸ்நானத்தோடு பிணைத்த கடவுள், தாம் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்கிறது 1992-இல் வந்த மறைக்கல்வி நூல். 2007 ஏப்ரலில் வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு, இத்தகைய குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்று அறிவித்தது. உறுதியாகத் தெரியும் என்று சொல்லவில்லை, நம்பலாம் என்றது.

அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்து அக்காவிடம் காட்டினேன். வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "அம்மா இருந்திருக்கலாம்" என்றாள்.

அப்படியானால் ஞானஸ்நானம் தேவையில்லையா? தேவைதான். அறிந்தவர்கள் அதை அசட்டை செய்வது சரியல்ல என்பதே என் கருத்து. அது கடவுள் நமக்குத் திறந்து வைத்த வாசல். அதைத் தவிர வேறு வழியாக யாரையும் அவர் உள்ளே அழைக்கக் கூடாது என்று சொல்ல நாம் யார்?

வெளியூரில் வாழும் நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய், சொந்தபந்தம் சூழ விருந்து வைத்துக் கொடுக்கலாம் என்று மாதக்கணக்கில் தள்ளிப் போடாதீர்கள். பிறந்த சில வாரங்களுக்குள் கொடுப்பதுதான் முறை. விருந்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அதற்குள் எந்த வீட்டிலாவது ஒரு குழந்தை தவறிவிட்டால், "ஞானஸ்நானம் ஆயிற்றா?" என்று அந்தத் தாயிடம் கேட்காதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள், அது போதும்.