பல கோப்புகளுக்கு ஒரே அழைப்பு: வலது கிளிக் மெனு குறித்து எங்கள் நிலைப்பாடு

பல கோப்புகளைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் மெனுவில் ஒரு நிரலைச் சொடுக்கினால் அந்த நிரல் ஒரே ஒரு முறைதான் தொடங்க வேண்டும். தேர்ந்தெடுத்த கோப்புகள் அத்தனையும் அந்த ஒரு நிரலிடமே போய்ச் சேர வேண்டும். கட்டற்ற மென்பொருளைத் தமிழில் கற்றுத் தருவதும் சிறு நிரல்களை எழுதி இலவசமாக வெளியிடுவதுமாக இயங்கும் எங்கள் தன்னார்வலர் குழு இந்தக் கேள்வியில் எடுத்திருக்கும் நிலைப்பாடு இதுதான். அப்படி நடக்காத இடத்தில் பிழை பயனருடையது அல்ல. நிரலை எழுதியவரும் அதை மெனுவில் பதிந்தவரும்தான் பொறுப்பு.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அறிக்கையா என்று கேட்கலாம். ஏதாவது ஒரு பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பட்டா என்று பன்னிரண்டு பக்கங்களை ஸ்கேன் செய்தால் பன்னிரண்டு ஜேபெக் கோப்புகள் கிடைக்கின்றன. விண்ணப்பப் படிவமோ ஒரே பிடிஎஃப் கேட்கிறது. யாரோ முன்பு சேர்த்துக் கொடுத்த ‘பிடிஎஃப் ஆக்கு’ என்ற வரி மெனுவில் இருக்கிறது. பன்னிரண்டையும் தேர்ந்தெடுத்து அதைச் சொடுக்கினால் கறுப்புச் சன்னல் பன்னிரண்டு முறை மின்னி மறைகிறது, பன்னிரண்டு தனித்தனி பிடிஎஃப் வந்து நிற்கிறது. பின்னால் வரிசை நீள்கிறது. இலவசமாக இணைத்துத் தரும் ஏதோ ஒரு இணையதளத்தைத் திறந்து, வாடிக்கையாளரின் ஆதார் நகலோடு எல்லாவற்றையும் அங்கே ஏற்றிவிடுகிறார் கடைக்காரர். அந்தத் தளம் யாருடையது, ஏற்றிய கோப்பை எத்தனை நாள் வைத்திருக்கும் என்பது அவருக்கும் தெரியாது, வாடிக்கையாளருக்கும் தெரியாது. கணினியை விட்டு வெளியே போகவே தேவையில்லாத ஆவணம் போய்விட்டது. எங்களை எழுத வைத்தது இந்தக் கடைசிப் படிதான்.

கோளாறு எங்கே இருக்கிறது? விண்டோஸ் மெனுவில் ஒரு வரி சேர்க்க ஆகச் சுலபமான வழி ரெஜிஸ்ட்ரி. ‘ஷெல்’ என்ற சாவியின் கீழ் ஒரு பெயர், அதன் கீழ் ‘கமாண்ட்’ என்ற சாவி, அதில் நிரலின் பாதை, கடைசியில் மேற்கோளுக்குள் "%1". அந்த %1 ஒரே ஒரு கோப்புக்கான இடம். பத்துக் கோப்பைத் தேர்ந்தெடுத்தால் எக்ஸ்ப்ளோரர் அதே கட்டளையைப் பத்து முறை ஓட்டுகிறது. %1-ஐ எடுத்துவிட்டு %* போட்டுப் பார்க்காதவர்கள் எங்கள் பயிற்சி வகுப்புகளில் அபூர்வம். போட்டாலும் கோப்புகள் ஒன்றாகச் சேர்ந்து வருவதில்லை.

விண்டோஸ் 7 காலத்தில் ‘மல்டிசெலக்ட்மாடல்’ என்றொரு மதிப்பு வந்தது. அதில் சிங்கிள், டாக்குமென்ட், பிளேயர் என்று மூன்றில் ஒன்றைக் குறிக்கலாம். பிளேயர் என்று குறித்தால் எல்லாக் கோப்பும் ஒரே நிரலுக்குப் போய்விடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. வெறும் கட்டளை வரியாகப் பதிந்த மெனுவுக்கு அந்த மதிப்பு உச்சவரம்பை மட்டுமே மாற்றுகிறது: டாக்குமென்ட் என்றால் 15 கோப்பு, பிளேயர் என்றால் 100. நூறு கோப்புக்கு நூறு முறை ஓடும், அவ்வளவுதான்.

அந்த 15 என்ற எண் பலருக்கும் அனுபவத்தில் தெரிந்ததே. பதினாறாவது கோப்பைத் தேர்ந்தெடுத்த கணமே ‘ஓப்பன்’, ‘பிரிண்ட்’ எல்லாம் மெனுவிலிருந்து காணாமல் போகும். ரெஜிஸ்ட்ரியில் ‘மல்டிபிள் இன்வோக் ப்ராம்ப்ட் மினிமம்’ என்ற எண்ணை ஏற்றினால் அவை திரும்பி வரும். இந்தத் தந்திரத்தை எங்கள் வகுப்புகளில் சொல்லித் தருவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். தவறுதலாக முந்நூறு படத்தைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுபவரின் கணினி உறைந்துபோகாமல் காப்பது அந்த வரம்பு. ஒரே நிரலில் எல்லாவற்றையும் திறக்கும் வழியை அது தருவதும் இல்லை. பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவு சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

மைக்ரோசாஃப்ட் தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறோம். கட்டளை வரியில் ஒரு கோப்பை மட்டுமே வாங்கத் தெரிந்த பழைய நிரல்கள் ஏராளம். பழைய நோட்பேடிடம் பத்துக் கோப்பின் பெயரை ஒரே மூச்சில் கொடுத்தால் பத்தும் திறக்காது. தெரியாத நிரலுக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்பதே பாதுகாப்பு என்று எக்ஸ்ப்ளோரர் கருதுவதில் தப்பில்லை. ஆனால் தனக்குப் பல கோப்பையும் வாங்கத் தெரியும் என்று ஒரு நிரல் அறிவிக்க, ரெஜிஸ்ட்ரியில் ஒரே வரியில் முடிகிற வழி இல்லை. ‘ட்ராப் டார்கெட்’, ‘ஐஎக்ஸிகியூட்கமாண்ட்’ போன்ற காம் இடைமுகங்களில் ஒன்றை எழுதியாக வேண்டும். வார இறுதியில் இருபது வரி பைத்தான் எழுதுகிறவர் அதற்குள் போகமாட்டார். "%1" போட்டு முடித்துவிடுவார்.

லினக்ஸில் இதே சிக்கல் ஒரு எழுத்தில் தீர்ந்துவிடுகிறது. ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் டெஸ்க்டாப் என்ட்ரி விவரக்குறிப்பில், ‘எக்ஸெக்’ வரியில் சதவீதக் குறியை அடுத்துச் சிறிய ‘எஃப்’ எழுதினால் ஒரு கோப்பு, பெரிய ‘எஃப்’ எழுதினால் கோப்புகளின் பட்டியல். ‘யு’ எழுத்தும் அப்படித்தான், முகவரிகளுக்கு. நிரலின் திறமை என்ன என்பதை நிரலே சொல்லிவிடுகிறது, கோப்பு மேலாளர் அதன்படி நடக்கிறது. கோப்பு மேலாளர்களில் டால்ஃபினின் சர்வீஸ் மெனு, தூனாரின் கஸ்டம் ஆக்‌ஷன், லினக்ஸ் மின்டோடு வரும் நீமோவின் ஆக்‌ஷன் எல்லாம் பெரிய எஃப்பை ஏற்கின்றன. நாட்டிலஸ் ஸ்கிரிப்டுகளுக்குத் தேர்ந்தெடுத்த கோப்புகளின் பாதைகள் சூழல் மாறியிலும் வரிக்கு ஒன்றாகக் கிடைக்கின்றன. இருந்தும் பெரிய எஃப் போட வேண்டிய இடத்தில் சிறிய எஃப் போட்டு வெளியிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குச் சாக்கே கிடையாது. மேக் கணினியில் ஆட்டோமேட்டரின் ‘குவிக் ஆக்‌ஷன்’ மொத்தக் கோப்பையும் ஒரே ஓட்டத்துக்குத் தருகிறது. உள்ளீட்டை ‘ஆர்கியுமென்ட்’ ஆகக் கொடு என்று மாற்றிக்கொள்ள மட்டும் மறக்கக் கூடாது.

விண்டோஸில் இன்றைக்கே கையாளக்கூடிய எளிய வழியும் இருக்கிறது. பழைய ‘சென்ட் டூ’ கோப்புறைதான் அது. ரன் பெட்டியில் ‘ஷெல்’ என எழுதி, முக்காற்புள்ளி வைத்து, ‘சென்ட்டூ’ என்று சேர்த்தால் திறக்கும். அதில் நிரலுக்கு ஒரு ஷார்ட்கட் போட்டு வைத்தால் தேர்ந்தெடுத்த கோப்பெல்லாம் ஒரே கட்டளையில், ஒரே நிரலுக்குப் போகும். ரெஜிஸ்ட்ரியைத் தொடவே வேண்டாம், அட்மின் கடவுச்சொல்லும் வேண்டாம். நாங்கள் முதலில் பரிந்துரைப்பது இதையே. 2021-இல் வந்த விண்டோஸ் 11, பழைய பாணியில் பதிந்த வரிகளை ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதன் பின்னால் தள்ளிவிட்டது. புது மெனுவின் முதல் தட்டில் இடம் வேண்டுமானால் பொதி அடையாளமும் ‘ஐஎக்ஸ்ப்ளோரர்கமாண்ட்’ இடைமுகமும் தேவை. அந்த இடைமுகம் தேர்வு முழுவதையும் ஒரே தொகுப்பாகக் கொடுக்கிறது. ஆக, மைக்ரோசாஃப்ட்டின் புதிய வழி எங்கள் பக்கம்தான் நிற்கிறது.

கோப்புகள் எல்லாம் வந்து சேர்ந்தால் போதாது, எந்த வரிசையில் வருகின்றன என்பதும் முக்கியம். எக்ஸ்ப்ளோரரில் எந்தக் கோப்பின் மேல் வலது கிளிக் செய்தோமோ அது பட்டியலின் தலைக்கு வந்துவிடும். கடைசிப் பக்கத்தின் மேல் கிளிக் செய்தால் பிடிஎஃப்பில் அதுவே முதல் பக்கம். இணைக்கும் வேலை செய்யும் எந்த நிரலும் வந்த வரிசையை அப்படியே நம்பக் கூடாது. பெயர்ப்படி அடுக்கிக் காட்டி, மாற்ற இடம் கொடுத்து, அதன் பிறகே இணைக்க வேண்டும். அடுக்கும்போதும் 10, 2-க்கு முன்னால் வந்து நிற்காமல் எண்ணை எண்ணாகவே பார்க்க வேண்டும்.

கட்டளை வரிக்கு நீள வரம்பு உண்டு. விண்டோஸில் ஒரு நிரலைத் தொடங்கும் கட்டளை 32,767 எழுத்துக்குள் இருக்க வேண்டும். இடையில் பேட்ச் கோப்பு வந்தால் 8,191 மட்டுமே. ஆழமான கோப்புறைக்குள் இருக்கும் சில நூறு கோப்புகளே இதைத் தாண்டிவிடும். லினக்ஸில் வழக்கமாக 2 எம்பி வரை இடம் கிடைக்கிறது, ஆனால் அங்கே கணக்கு பைட்டில். ‘சான்றிதழ்’ என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் ஒன்பது குறியீடு, யுடிஎஃப்-8இல் 27 பைட். பட்டியலை ஒரு உரைக் கோப்பில் எழுதி, அந்தக் கோப்பின் பெயரை மட்டும் நிரலிடம் கொடுப்பதே இதற்கு நிரந்தரத் தீர்வு. 7-ஜிப் ‘@’ குறியோடு பட்டியல் கோப்பை வாங்குகிறது, டார் நிரலிலும் அந்த வசதி இருக்கிறது, இர்ஃபான்வியூவிலும் இருக்கிறது. புதிதாக நிரல் எழுதும் யாரும் இதை முதல் நாளே சேர்த்துவிடலாம்.

தமிழ்ப் பெயர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விண்டோஸில் தமிழுக்கென்று பழைய ஆன்சி குறிமுறைப் பக்கமே கிடையாது. யூனிகோடுக்கு முந்தைய முறையில் கட்டளை வரியைப் படிக்கும் நிரலுக்கு ‘பட்டா.jpg’ என்ற பெயர் மூன்று கேள்விக்குறிகளாகக்கூட வராது. ப, ட, புள்ளி, ட, கால் என்று ஐந்து குறியீடும் ஐந்து கேள்விக்குறிகளாக வரும். ‘கோப்பைக் காணோம்’ என்று நிரல் கை விரிக்கும். பயனரிடம் பெயரை ஆங்கிலத்தில் மாற்றச் சொல்வதுதான் இன்றுவரை பலரும் தரும் பதில். அதை நாங்கள் ஏற்கவில்லை. விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல், நிரலின் மேனிஃபெஸ்டில் யுடிஎஃப்-8 என்று அறிவித்துவிட்டால் போதும். பெயரில் இடைவெளி, ‘&’, தொடக்கத்தில் ‘-’ இருந்தாலும் நிரல் தடுமாறக் கூடாது. குறிப்பாக ‘&’ உள்ள கோப்பைப் பேட்ச் கோப்பின் மேல் இழுத்துப் போட்டால், பெயரின் பின்பாதி தனிக் கட்டளையாக ஓட முயலக்கூடும். இது வெறும் அசௌகரியம் இல்லை, பாதுகாப்பு ஓட்டை.

தொடர்ந்து வரும் அழைப்புகளைச் சற்றுக் காத்திருந்து சேகரித்து, மொத்தமாக ஒரே நிரலிடம் ஒப்படைக்கும் இடைத்தரகு நிரல்கள் உண்டு. நிரலின் மூலத்தை மாற்ற முடியாத இடத்தில் அவற்றைப் பயன்படுத்துவதை எதிர்க்கவில்லை. ஆனால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது ஊகம். மெதுவான கணினியில் கடைசி இரண்டு கோப்பு விட்டுப்போகும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். எனவே வந்து சேர்ந்த கோப்புகளின் எண்ணிக்கையைத் திரையில் காட்டாத இடைத்தரகு நிரலை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

எல்லா நிரலும் எல்லாக் கோப்பையும் ஒரே சன்னலில் காட்ட வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை அல்ல. பத்துக் கோப்பைப் பத்து சன்னலில் திறப்பதா, தாவல்களாக வைப்பதா, விஎல்சி போல் பாடல் பட்டியலில் வரிசையாகச் சேர்ப்பதா என்பது அந்தந்த நிரலின் உரிமை. பத்தும் தன்னிடம் வந்திருக்கின்றன என்று தெரிந்த பிறகு அது அந்த முடிவை எடுக்கட்டும்.

இனி எங்கள் குழு வெளியிடும் எந்த நிரலும் மேலே சொன்னபடியே மெனுவில் பதியப்படும். ஏற்கெனவே வெளியிட்டவற்றில் "%1"-ஓடு நிற்பவற்றுக்குச் ‘சென்ட் டூ’ ஷார்ட்கட் சேர்த்துத் தருவோம். தமிழில் மென்பொருள் எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த வெளியீட்டுக்கு முன் ஒரு கோப்புறையில் தமிழ்ப் பெயரோடு இருபது கோப்புகளை வையுங்கள். ஒன்றின் பெயரில் இடைவெளியும் இன்னொன்றில் ‘&’ குறியும் இருக்கட்டும். இருபதையும் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்து பாருங்கள். உங்கள் நிரல் இரண்டு முறை தொடங்கினால், அல்லது பத்தொன்பது கோப்போடு நின்றுவிட்டால், வெளியீட்டை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.