இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்குக் கடிவாளம் யார் கையில்?

மாதா மாதம் பிரீமியம் கட்டுகிறோம். ரசீதைப் பெட்டியில் பத்திரமாக வைக்கிறோம். ஒரு நாள் வீடு தீப்பிடிக்கிறது. அல்லது குடும்பத் தலைவர் கண்ணை மூடிவிடுகிறார். அப்போது, "பணம் தர முடியாது" என்று கம்பெனி கையை விரித்தால் யாரிடம் போய் முறையிடுவது?

நம் நாட்டில் இன்ஷ்யூரன்ஸ் பற்றிச் சட்டம் செய்யும் அதிகாரம் மத்திய அரசாங்கத்திடம் இருக்கிறது. அரசியல் சட்டத்திலேயே அப்படி எழுதி இருக்கிறது.

அமெரிக்காவில் அப்படி அல்ல. அங்கே 50 மாநிலங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் இன்ஷ்யூரன்ஸ் சட்டம் தனி. மேற்பார்வை அதிகாரி தனி. "இன்ஷ்யூரன்சை மத்திய அரசாங்கம் கவனிப்பதா, மாநிலம் கவனிப்பதா?" என்ற சண்டை அங்கே 150 ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது.

இந்தச் சண்டையில் ஒரு வேடிக்கை உண்டு. கம்பெனிகள் எந்தக் காலத்தில் யார் பக்கம் நின்றன என்று பாருங்கள்.

50 டாலர் அபராதம்

1866-ல் வர்ஜீனியா மாநிலம் ஒரு சட்டம் செய்தது. "வெளி மாநிலக் கம்பெனிகள் இங்கே வியாபாரம் செய்ய வேண்டுமானால் லைசென்சு வாங்க வேண்டும். அதற்கு முன் கடன் பத்திரங்களை மாநில அரசாங்கத்திடம் ஈடாகக் கட்ட வேண்டும்" என்று அது கூறியது.

சாமுவேல் பால் என்பவர் நியூயார்க் தீ இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளின் ஏஜெண்டு. அவர் ஈடு கட்ட மறுத்தார். லைசென்சு கிடைக்கவில்லை. ஆனாலும் பாலிசி கொடுத்தார். கோர்ட்டு அவருக்கு 50 டாலர் அபராதம் போட்டது.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. "பல மாநிலங்களில் நடக்கும் வியாபாரம் இது. இதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மத்திய அரசாங்கத்துக்கே உண்டு. மாநிலம் தலையிடக் கூடாது" என்று அவர் தரப்பில் வாதாடினார்கள்.

1869-ல் தீர்ப்பு வந்தது. "பாலிசி என்பது ஒப்பந்தம். அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு அல்ல. ஆகவே மாநிலச் சட்டம் செல்லும்" என்று கோர்ட்டு சொன்னது. கம்பெனிகள் தோற்றன.

கட்சி மாறிய கம்பெனிகள்

75 ஆண்டுகள் கழிந்தன. தெற்கே 6 மாநிலங்களில் சுமார் 200 தீ இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் ஒரு சங்கமாகச் சேர்ந்திருந்தன. அந்தச் சங்கத்தின் மீது மத்திய அரசாங்கம் வழக்குப் போட்டது. கூடிப் பேசிப் பிரீமியத்தை நிர்ணயித்தார்கள், சங்கத்தில் சேராத கம்பெனிகளைப் பகிஷ்கரித்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

கம்பெனிகள் என்ன பதில் சொல்லின தெரியுமா? "1869 தீர்ப்பைப் பாருங்கள்! இன்ஷ்யூரன்ஸ் மாநிலங்களின் விஷயம். மத்திய அரசாங்கம் எங்களைத் தொடக் கூடாது" என்றன!

அன்று மாநிலத்துக்குப் பயந்து மத்திய அரசாங்கத்தின் நிழலைத் தேடினார்கள். இன்று மத்திய அரசாங்கத்துக்குப் பயந்து மாநிலத்தின் நிழலைத் தேடினார்கள்.

1944-ல் சுப்ரீம் கோர்ட்டு இதை ஏற்கவில்லை. "மாநில எல்லை தாண்டி நடக்கும் இன்ஷ்யூரன்சும் வியாபாரம்தான். மத்தியச் சட்டம் பாயும்" என்று 4 நீதிபதிகள் சொன்னார்கள். 3 நீதிபதிகள் அந்த முடிவை ஏற்கவில்லை.

உடனே அமெரிக்கப் பாராளுமன்றம் குறுக்கே வந்தது. 1945-ல் செய்த சட்டத்தில் இன்ஷ்யூரன்சை மாநிலங்களிடமே விட்டது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டது. மாநிலச் சட்டம் கவனிக்காத இடத்தில் போட்டியைக் காக்கும் மத்தியச் சட்டம் பாயும். பகிஷ்காரம், மிரட்டல் போன்றவற்றுக்கு ஒருபோதும் விலக்கு இல்லை. (உடல்நல இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளுக்கு இந்தச் சட்டம் தந்த சலுகையை 2021-ல் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள்.)

தபாலில் வந்த பாலிசி

அந்த நிபந்தனையின் அருமை 1960-ல் தெரிந்தது. நெப்ராஸ்கா மாநிலத்துக் கம்பெனி ஒன்று தபால் மூலமாகவே நாடு முழுவதும் பாலிசி விற்றது. அதன் விளம்பரங்கள் ஜனங்களை ஏமாற்றுகின்றன என்று மத்திய வர்த்தகக் கமிஷன் நடவடிக்கை எடுத்தது.

"எங்களை நெப்ராஸ்கா அரசாங்கம் கவனித்துக்கொள்கிறது. நீங்கள் யார் கேட்க?" என்றது கம்பெனி.

சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. பாலிசி வாங்குகிறவர் எங்கே இருக்கிறாரோ, அந்த மாநிலத்தின் காவல்தான் கணக்கு என்றது. எங்கோ தொலைவில் உள்ள மாநிலத்தின் சட்டம், பக்கத்து வீட்டுக் கிழவிக்கு எப்படித் துணை நிற்கும்?

இடைவெளியில் விழுந்த பணம்

2008-ல் ஏ.ஐ.ஜி. என்ற பெரிய கம்பெனி ஆட்டம் கண்டது. அதன் இன்ஷ்யூரன்ஸ் கிளைகளை மாநிலங்கள் கவனித்தன. தாய்க் கம்பெனியை ஒரு மத்திய இலாகா கவனித்தது. இடையில் இருந்த வேறொரு கிளை, பெரும் பந்தயம் போலக் கடன்களுக்கு ஜாமீன் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. செப்டம்பர் 16-ந் தேதி, 8,500 கோடி டாலர் கடன் தந்து அதைத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று.

"50 சட்டம் எதற்கு? ஒரே சட்டம் போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். 50 இடத்தில் லைசென்சு வாங்கும் செலவு கடைசியில் நம் பிரீமியத்தில்தான் ஏறும் என்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் புளோரிடாவுக்குப் புயல் பயம். கலிபோர்னியாவுக்குக் காட்டுத் தீ, பூகம்பம். அந்தந்த ஊரின் ஆபத்தை அருகில் இருக்கிற அதிகாரி அறிவார். முறையிடப் போகிறவருக்கும் அவர் கதவே கிட்டத்தில் இருக்கிறது.

ஆகவே மாநிலமே முதல் காவலாக இருக்கட்டும். அது தூங்கினால் மத்திய அரசாங்கம் உடனே விழித்துக்கொள்ள வேண்டும். எந்தக் கிளையும் இருவர் கண்ணுக்கும் தப்பக் கூடாது. எந்த அதிகாரியிடம் முறையிடலாம் என்பதைப் பாலிசியின் முதல் பக்கத்திலேயே, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் புரியும்படி, பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

அதிகாரம் யாருக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் கோர்ட்டில் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் வாதாடலாம். வீடு எரிந்து தெருவில் நிற்கிற குடும்பம் அத்தனை காலம் காத்திருக்க முடியாது!