செட் அசைட் ஆன கதை



சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய ஒரு சேரியில் சில வருடங்களுக்கு முன் நடந்தது இது. மனைப்பட்டா வழக்கில் வந்த உத்தரவு வாட்ஸ்அப்பில் கிடைத்தது. முழுக்க ஆங்கிலம். பி.ஏ. படிக்கும் தம்பி ஒருவன் வாசித்துச் சொன்னான். கடைசிப் பத்தியில் நம் பட்டா ஆணை ‘செட் அசைட்’ என்று இருந்தது. அகராதியில் பார்த்தான், ‘ஒதுக்கி வை’ என்று போட்டிருந்தது. “நமக்கே ஒதுக்கிட்டாங்கண்ணே” என்றான். தெருவில் கேசரி கிண்டினார்கள். நானும் ஒரு தட்டு தின்றேன்.

பட்டா ரத்தாகியிருந்தது. அது எங்களுக்குப் புரிவதற்குள் மேல்முறையீட்டுக்கான கெடு முடிந்துவிட்டது.

அந்தத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். அகராதியும் பொய் சொல்லவில்லை. நிலத்தையோ பணத்தையோ செட் அசைட் செய்தால் ஒதுக்கீடு. ஆணையையோ தீர்ப்பையோ செட் அசைட் செய்தால் ரத்து. சொல் ஒன்றுதான், எதன் மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டும். இதைப் பன்னிரண்டு வருடப் பள்ளிக்கூடம் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. ‘பொருத்துக’ என்று ஒரு மார்க் கேள்வியாக வைத்தது. கிவ் அப் என்றால் கைவிடு, புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு. மனப்பாடம் செய்தான், மார்க் வாங்கினான்.

நம் மாவட்டத்துக்கு இது புதிதில்லை. செங்கல்பட்டுப் பறையர்களின் நிலையைப் பற்றி கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கை ஆங்கிலம். அதைத் தொடர்ந்து 1892-ல் வந்த பஞ்சமி நில அரசாணையும் ஆங்கிலம். நிலம் யாருக்கோ அவர்களால் படிக்க முடியாத மொழியில் உரிமை எழுதப்பட்டது. படிக்கத் தெரிந்தவர்கள் கைக்கு நிலம் போனது. அதைத் திரும்பக் கேட்ட காரணைப் போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்.

“தமிழ் இருக்க ஆங்கிலம் எதற்கு” என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கேட்கிறேன்: உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது? நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும், நானும் கேட்கிறேன். ஆனால் அரசமைப்பின் 348-ஆம் பிரிவு உயர்நீதிமன்றத்தில் ஆங்கிலத்தை உட்கார வைத்திருக்கிறது. அது மாறுகிறவரை நம் வழக்குகள் காத்திருக்குமா? இன்னொரு பக்கம், முப்பது நாளில் ஆங்கிலம் என்று போஸ்டர் ஒட்டிப் பணம் பிடுங்கும் கூட்டம். முந்நூறு ஃப்ரேசல் வெர்ப் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதற்குப் பெயர் பயிற்சியா?

நம் பிள்ளைகளுக்கு இது வராது என்பது சுத்தப் பொய். எந்தச் சேரிக் குழந்தைக்கும் ‘பார்’ தெரியும், ‘பார்த்துக்கொள்’ வேறு என்று தெரியும், ‘ஒரு கை பார்க்கிறேன்’ என்றால் ஓட வேண்டும் என்றும் தெரியும். யார் பட்டியல் கொடுத்தார்கள்? பேச்சில் பிடித்தோம். ஆங்கிலமும் அதையேதான் செய்கிறது. லுக் ஆஃப்டர் பார்த்துக்கொள்வது, லுக் இன்டு விசாரிப்பது, லுக் டவுன் ஆன் நம்மை அவர்கள் பார்க்கிற பார்வை. (இந்த மூன்றாவதற்கு என் வகுப்பில் யாரும் விளக்கம் கேட்டதில்லை.)

ஆகவே பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த ஆங்கிலப் பதில், தீர்ப்பு நகல், கல்லூரிச் சுற்றறிக்கை எதையாவது எடுங்கள். வினைக்குப் பின்னால் தொங்கும் சின்னச் சொல்லை வட்டமிடுங்கள். யார் செய்கிறார், எதைச் செய்கிறார் என்று கேட்டு, அந்த வாக்கியத்துக்கு மட்டும் பொருள் எழுதுங்கள். பிறகு அதே சொல்லை வைத்து உங்கள் ஊர்ப் பிரச்சினையில் ஒரு வாக்கியம். டர்ன் டவுன் என்றால் மறுப்பது: “தே டர்ன்ட் டவுன் அவர் பெட்டிஷன்.” மனு என்பதற்குப் பதில் ‘இட்’ போட்டால் நடுவில் வரும், “தே டர்ன்ட் இட் டவுன்”. லுக் இன்டு அப்படிப் பிரியாது; “லுக் இன்டு இட்” மட்டும்தான். இதை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். கூச்சப்பட்டால் வராது. தப்பாகப் பேசினால் சிரிப்பான் என்ற பயத்தை நமக்குள் விதைத்தவனுக்கு அதனால் லாபம் இருக்கிறது.

மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்றே பெயர் வைத்து 1893-ல் பத்திரிகை நடத்தினார். தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தார். தமிழில் எழுதியவர்தான், ஆங்கிலத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

நம் அமைப்புகள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. பேனருக்கு இருக்கும் காசு வகுப்புக்கு இல்லை. பேச்சாளர் வளர்ப்போம், ஒரு தீர்ப்பை வாசிக்கத் தெரிந்தவரை வளர்க்க மாட்டோம்.

ஞாயிறு மாலை வகுப்பில் முதல் பாடமே அந்த உத்தரவின் நகல்தான். கேசரி சாப்பிட்ட அதே தெருவில் பதினோரு பேர் உட்கார்கிறார்கள். தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவை வழக்கறிஞர் எழுதிக் கொடுத்தார். தாக்கல் செய்வதற்கு முன் அந்தத் தம்பி வரி வரியாக வாசித்து, இரண்டு இடத்தில் சந்தேகம் கேட்டான்.