68 வயதில் வீடியோ கேம்: மூன்று விளையாட்டு, ஒரு பாக்கி



முழங்கால் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. போன் செய்து நலம் விசாரித்த அனைவருக்கும் நன்றி. இப்போது கம்பு ஊன்றாமல் வாசல் வரை நடக்கிறேன். இந்த இரண்டு மாதமும் சார் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால், பதில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருந்தேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். என்னிடம் படித்தவர்களுக்குச் சிரிப்பு வர நியாயம் உண்டு. "மைதானத்தில் ஓடினால் அது விளையாட்டு, உட்கார்ந்த இடத்தில் பொத்தானை அமுக்கினால் அது வியாதி" என்று காலை பிரேயரில் எத்தனை முறை பேசியிருப்பேன்! அந்த ஆள் இன்று இதை எழுதுகிறார்.

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது, "சும்மா சீரியல் பாத்துக்கிட்டே இருக்காதீங்க தாத்தா" என்று தன்னுடைய நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். மூன்று விளையாட்டுகளை விளையாடினேன். மூன்றைப் பற்றியும் என் கருத்தைச் சொல்கிறேன். கடைசியில் எனக்கு ஒரு பாக்கி இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

முதலாவது, டெட்ரிஸ். மேலிருந்து கட்டைகள் விழும், இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும், ஒரு வரிசை நிறைந்தால் அது மறையும். உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். இதை 1984-ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் உருவாக்கினார். 1989-ல் நிண்டெண்டோ வெளியிட்ட டெட்ரிஸில் 29-வது நிலைக்கு மேல் மனிதரால் போக முடியாது என்று ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஒக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுப் பையன் 157-வது நிலை வரை போய், இயந்திரமே திணறி உறைந்து நிற்கும்படி செய்துவிட்டான்.

நான் அவ்வளவு தூரம் எல்லாம் போகவில்லை. ஆனால் விளையாடிய மூன்றாம் நாள், கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கணக்கு மூளை விழித்துக்கொண்டது. பழைய பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெட்ரிஸில் மொத்தம் 7 வடிவம். ஒவ்வொன்றிலும் 4 சதுரம். ஆக 28 சதுரம். வடிவத்துக்கு ஒன்று வீதம் ஏழு கட்டைகளையும் எடுத்து, 4-க்கு 7 என்ற செவ்வகத்தை நிரப்ப முடியுமா? அதிலும் 28 சதுரம்தானே? முடியும் என்றுதான் தோன்றும். முடியாது. காரணம் இதோ. அந்தச் செவ்வகத்துக்குச் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளை மாற்றி மாற்றி வண்ணம் அடியுங்கள். 14 கறுப்பு, 14 வெள்ளை வரும். ஏழு வடிவங்களில் ஆறு வடிவங்கள், எங்கே எப்படித் திருப்பி வைத்தாலும், 2 கறுப்பையும் 2 வெள்ளையையும் மூடும். ஆங்கில 'டி' எழுத்து மாதிரி இருக்கும் கட்டை மட்டும் ஒரு நிறத்தில் 3, இன்னொரு நிறத்தில் 1 என்று மூடும். ஆறு கட்டைக்கு 12-ம் 12-ம். அதோடு 3-ம் 1-ம் சேர்த்தால் 15-ம் 13-ம். நமக்குத் தேவை 14-ம் 14-ம். எத்தனை வருடம் முயன்றாலும் சேராது. இரண்டு செட் கட்டை எடுத்தால் இந்தத் தடை நீங்கிவிடும். ஏன் என்று நீங்களே யோசியுங்கள், இன்றைய வீட்டுப்பாடம்.

எட்டாம் வகுப்புப் பையனுக்குக் கூடப் புரிகிற நிரூபணம் இது. "முடியவில்லை" என்பதற்கும் "முடியாது" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட எளிதாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. நான் ஒரு நாளும் வகுப்பில் சொன்னதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

இரண்டாவது, ஸ்டார்டூ வேலி. நகரத்து ஆபீஸ் வேலையை வெறுத்த ஒருவன், தாத்தா விட்டுப்போன தோட்டத்துக்கு வந்து விவசாயம் பார்க்கிறான். எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர் படம், இசை, கதை, நிரல் எல்லாவற்றையும் தனி ஆளாகச் செய்து 2016-ல் வெளியிட்டார். நான்கு வருடத்துக்கு மேல் உழைத்தாராம். பார்க்கும்போதே தெரிகிறது.

நானும் விவசாயி மகன்தான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு அப்பாவோடு தக்காளிக் கூடைமேல் உட்கார்ந்து வண்டியில் போனவன். அதனால் இந்த விளையாட்டில் தக்காளி நட்டபோது ஒரு தனி சந்தோஷம். கோடையில் நட்டால் 11 நாளில் காய்க்கிறது. அதன் பிறகு 4 நாளுக்கு ஒரு முறை பறிக்கலாம். பறித்ததை வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுத் தூங்கப் போனால், காலையில் பணம் வந்திருக்கிறது. ஒரு தக்காளி 60 காசு, அவர்கள் ஊர்த் தங்கக் காசு. பத்துப் பழம் போட்டாலும் 60. ஆயிரம் பழம் போட்டாலும் அதே 60.

இங்கேதான் எனக்கு நெஞ்சை அடைத்தது. எங்கள் அப்பாவுக்குப் பெட்டி நிறைய விளைந்த வருடம்தான் நஷ்ட வருடம். எல்லார் தோட்டத்திலும் விளைந்திருக்கும், விலை படுத்துவிடும். ஒரு வருடம் பறிப்புக் கூலிக்கே கட்டாமல், மார்க்கெட் வரை கொண்டு போன கூடைகளை வரும் வழியில் ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தார். வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த விளையாட்டில் கமிஷன் மண்டி இல்லை. வட்டி இல்லை. டிவியில் நாளை மழை என்றால் நாளை மழைதான். உழைத்தால் அதற்கேற்ற கூலி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு இது பிடிப்பது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. வெளியே எவ்வளவு படித்தாலும் என்ன கிடைக்கும் என்று தெரியாத காலத்தில், உழைப்புக்குத் தவறாமல் பலன் தரும் ஓர் இடம் இருந்தால் யார்தான் போக மாட்டார்கள்? "எப்பப் பாத்தாலும் கேம்" என்று திட்டுகிற நாம், வெளி உலகம் அவர்களுக்கு என்ன தருகிறது என்றும் கேட்க வேண்டும்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. விளையாட்டில் நம் ஆள் படுத்துத் தூங்கினால்தான் அன்று செய்தது சேமிப்பாகும். தூங்கினால் உடனே அடுத்த நாள் காலை விடியும். கத்தரி விளைந்திருக்கும், ஆடு கத்தும், "இன்னும் ஒரே ஒரு நாள்" என்று கை போகும். அவன் இரவு இரண்டு மணிக்கு மேல் விழித்திருந்தால் மயங்கி விழுந்துவிடுவான். எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரு நாள் மணி ஒன்றரை ஆகிவிட்டது. என் மனைவி எழுந்து வந்து, "ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன வாத்தியாரு, லைட்ட அணைச்சிட்டுப் படுங்க" என்றாள். 42 வருட மணவாழ்க்கையில் அவள் சொன்ன மிகச் சரியான வாக்கியம்.

மூன்றாவது, வெண்பா. ஆமாம், தமிழ்ப் பெயர்தான். கனடாவின் டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023-ல் வெளியிட்டது. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில், அறிமுக விளையாட்டுக்கான விருதை வாங்கியிருக்கிறது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் என்ற தம்பதி, அவர்கள் மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு அங்கங்கே கிழிந்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போனதை நாம் யூகித்து இட்லி, புட்டு என்று சமைத்துக் காட்ட வேண்டும். சண்டை இல்லை, சுடுவது இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

முதல் பாடமே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதில் நான் தோற்றேன். பின்னாலிருந்து பார்த்த என் மனைவி, "மேல் தட்டுக் குழி கீழ்த்தட்டுக் குழிக்கு நேரா வரக்கூடாதுங்க, மாத்தி வைக்கணும். இல்லன்னா ஆவி எப்படிப் போகும்?" என்றாள். இத்தனை வருடம் சாப்பிட்டவனுக்கு அது தெரியவில்லை. கணக்குப் பாடத்தில் அடுக்குமுறை நடத்தியவன் நான்!

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. அந்தப் பையன் கவின், அப்பா அம்மா தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். பள்ளிக்கு இட்லி, புட்டு கொண்டு போக வெட்கப்படுகிறான். சொந்தங்களுக்குத் தெரியும், என் மகள் மெல்போர்னில் இருக்கிறாள். அவள் பையனுக்கு 9 வயது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை போனிலும் நான் அவளிடம் கேட்கும் கேள்வி, "அவனுக்கு இன்னும் தமிழ் வரலையா? என்ன வளர்க்கிறே?" என்பதுதான். அவள் பதில் சொல்ல மாட்டாள். "சரிப்பா" என்பாள். அந்த "சரிப்பா"வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று இந்த விளையாட்டு எனக்குக் காட்டியது. வேலைக்கு அலைந்து, குளிரில் திரும்பி வந்து, சமைத்து வைத்ததைப் பிள்ளை வேண்டாம் என்று தள்ளும்போது, அந்த அம்மாவிடம் போய் மொழி எங்கே என்று கேட்கிற ஆளாக நான் இருந்திருக்கிறேன். முடிவைச் சொல்ல மாட்டேன், நீங்கள் பாருங்கள். போன ஞாயிறு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பேரனிடம் வீடியோவில் இட்லித் தட்டு அடுக்குவது எப்படி என்று கேட்டேன். அவன் அம்மாவிடம் ஓடிக் கேட்டுவிட்டு வந்து, பாதி தமிழில் சொன்னான். ஆறு வருடத் திட்டில் வராதது ஒரு தட்டில் வந்தது.

சரி, இதற்காக எல்லா விளையாட்டும் நல்லது என்று சொல்லிவிடுவேனா? மாட்டேன். கேமிங் அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனமே 2019-ல் நோய்ப் பட்டியலில் ஏற்றது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2023-ல் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தடைச் சட்டம் நிறைவேற்றியது. அவை விளையாட்டே அல்ல, விளையாட்டு வேஷம் போட்ட வட்டிக்கடை.

என் அனுபவத்தில், ஒரு விளையாட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி மூன்று. நிறுத்த ஓர் இடம் தருகிறதா? நடுவில் திரும்பத் திரும்பக் காசு கேட்கிறதா? விளையாடி முடித்தபின் வீட்டில் ஒருவரிடம் பேச ஏதாவது மிஞ்சுகிறதா? வெண்பா மூன்றிலும் பாஸ். ஸ்டார்டூ வேலிக்கு முதல் கேள்வியில் மதிப்பெண் குறைவு, மற்ற இரண்டில் பாஸ். ஆனால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் வேண்டுமென்றால், நாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். உங்களில் பலர் இப்போது பெற்றோர். போனைப் பிடுங்குவதற்கு முன் அரை மணி நேரம் பிள்ளையோடு உட்காருங்கள். அதன் பிறகு பிடுங்க வேண்டியதாக இருந்தால் தாராளமாகப் பிடுங்குங்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், நான் பார்க்காமல் பிடுங்கியவன்.

1996-ல், எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில், கடைசி பெஞ்சில் ஒரு பையன் மேசைக்கு அடியில் பிரிக் கேம் விளையாடிக்கொண்டிருந்தான். அதே டெட்ரிஸ்தான். கணக்கில் அவனுக்கு முப்பதைத் தாண்டாது. நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன். அது சரிதான், பாட நேரத்தில் வேறென்ன செய்வது? தவறு அதற்குப் பிறகு நடந்தது. அவன் அம்மா இரண்டு முறை கூலி வேலையை விட்டுவிட்டு வந்து கேட்டார். "அப்பாவை வரச் சொல்லுங்கள், அவரிடம் தருகிறேன்" என்றேன். அப்பா துபாயில் இருந்தார். அந்தப் பொருளே அவர் அங்கிருந்து வாங்கி அனுப்பியது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் சொன்னேன். அடுத்த ஜூனில் பையன் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டான்.

பொருள் என் பீரோவிலேயே கிடந்தது. ஓய்வு பெற்ற அன்று அட்டைப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தது. ஏழு வடிவம், 28 சதுரம் என்ற அந்தப் பாடம், கணக்கில் முப்பது வாங்கிய பையனின் கையிலேயே இருந்திருக்கிறது. அவனிடம் "இது என்னடா, எனக்கும் சொல்லிக்கொடு" என்று ஒரு நாள் கேட்டிருந்தால், நானும் அவனும் சேர்ந்து அதைக் கண்டுபிடித்திருப்போம்.

போன வாரம் அதை எடுத்துப் பார்த்தேன். பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. பேத்தியிடம் போனில் கேட்டுக் கேட்டுத் துடைத்து, இரண்டு பென்சில் செல் போட்டேன். ஓடுகிறது.

தம்பி, உன் பெயரை இங்கே எழுத மாட்டேன். படித்தால் உனக்கே தெரியும். உனக்கு இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். உன் பொருள் என்னிடம் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது. நீ வந்து வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை; இருக்கும் இடத்தைச் சொன்னால், கால் சரியானதும் நானே கொண்டு வந்து தருகிறேன். அம்மா இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வருடம் 'பி' பிரிவில் படித்த மற்றவர்கள் யாருக்காவது அவனைத் தெரிந்தால், இந்தப் பதிவை அவனுக்குக் காட்டுங்கள்.

வீட்டுப்பாடம் செய்தவர்கள் விடையை கமெண்டில் போடவும். காப்பி அடித்தால் எனக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்