பனிவண்டி இழுக்கும் பரம சாது

"எங்கள் வீட்டுக்காரர் அலாஸ்கன் மலமூட் குட்டி வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். குழந்தைகளோடு நன்றாகப் பழகுமாம், வீட்டுக்கும் காவலாக இருக்குமாம். எனக்கு நாலு வயதில் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று. வாங்கலாமா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

முதலில் அந்தக் காவல் விஷயத்தை முடித்துவிடுவோம். மலமூட்டுக்கு மனிதர்கள் என்றால் உயிர். பால்காரர், தபால்காரர், முன்பின் தெரியாத விருந்தாளி எல்லோருமே அதற்கு உறவுதான். திருடன் வந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு எதிரே போய் நிற்கும். குரைப்பதும் குறைவு. அதற்குப் பதிலாக "வூ... வூ..." என்று ஒரு ராகம் இழுக்கும். சில நேரம் நம்மோடு வாதாடுகிற மாதிரியே இருக்கும்!

குழந்தைகளோடு பழகுமா? பழகும். காரணம், அது வளர்ந்த இடம். அலாஸ்காவின் வடமேற்கே, கோட்ஸ்பூ வளைகுடாப் பக்கம், மாலமியூட் என்ற இன்யூபியாட் மக்கள் குடும்பத்தோடு குடும்பமாக வளர்த்த நாய் இது. பெயரே அவர்களால் வந்ததுதான். வேட்டையாடிய சீல், திமிங்கில மாமிசத்தையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் பனிவண்டியில் கட்டினால் மைல் கணக்கில் இழுத்துக்கொண்டு போகும். சைபீரியன் ஹஸ்கியோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஹஸ்கி லேசான உடம்பு, வேகமான ஓட்டம். மலமூட்டோ நிதானமாக நடந்து பெரும் பாரத்தை இழுக்கும். அது எக்ஸ்பிரஸ், இது கூட்ஸ் வண்டி. ஹஸ்கிக்கு நீலக் கண் இருக்கலாம், மலமூட்டுக்குப் பழுப்புக் கண்தான்.

1896-ல் க்ளாண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்தது. அவ்வளவுதான், ஜனம் வெள்ளமாக வடக்கே கிளம்பியது. சாமான் இழுக்கும் நாய்க்கு ஏகக் கிராக்கி. வந்தவர்கள் கையில் கிடைத்த நாய்களோடெல்லாம் இதைக் கலந்துவிட, அசல் இனமே அற்றுப்போகிற நிலை. அதை மீட்டவர்களில் முக்கியமானவர் ஒரு பெண்மணி. பெயர் ஈவா சீலி. ஆள் குள்ளம் என்பதால் எல்லோரும் "ஷார்ட்" என்றே கூப்பிட்டார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வொனலான்செட் என்ற சிற்றூரில் கணவர் மில்டனோடு நாய்ப்பண்ணை நடத்தினார். அட்மிரல் பேர்டின் அண்டார்டிகாப் பயணத்துக்கு நாய்களைத் தயார் செய்து அனுப்பியது அந்தப் பண்ணைதான். 1935-ல் அமெரிக்கன் கென்னல் கிளப் மலமூட்டைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டதில் இந்த அம்மாளின் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 2010-ல் அலாஸ்கா இதையே தன் மாநில நாயாக அறிவித்தது. அந்தக் கோரிக்கையைக் கிளப்பியவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளாம்!

இனி சகோதரியின் வீட்டுக்கு வருவோம். ஆண் நாய் சுமார் 38 கிலோ, பெண் 34 கிலோ. இழுப்பதற்கென்றே பிறந்த உடம்பு. கழுத்தில் சங்கிலி மாட்டி நீங்கள் அதை நடத்திக்கொண்டு போவதாக நினைப்பீர்கள், உண்மையில் அதுதான் உங்களை நடத்திக்கொண்டு போகும். ஆசையாக ஓடிவந்து உரசினாலே ஒன்றரை வயதுக் குழந்தை குப்புற விழும். எவ்வளவு சாதுவானாலும் அதைக் கைக்குழந்தையோடு தனியே விட்டு அடுப்படிக்குப் போகக் கூடாது. அது சாப்பிடும்போது குழந்தையைக் கிட்டே விடவே கூடாது. பூனை, கோழி எதிர்ப்பட்டால் வேட்டைப் புத்தி தலைதூக்கும். தன் பாலைச் சேர்ந்த வேறு நாயைக் கண்டால் சண்டை. தினமும் நன்றாக ஓடியாடி வேலை செய்யாவிட்டால் தோட்டத்தில் குழி பறித்துப் பொழுதைப் போக்கும். சொன்ன பேச்சு காதில் விழும், மனசு வைத்தால்தான் கேட்கும்.

ரோமம் இரண்டு அடுக்கு. மேலே முரடு, உள்ளே எண்ணெய்ப் பசையுள்ள கம்பளி. வருஷத்துக்கு இரண்டு முறை உள்ரோமம் கொத்துக் கொத்தாக உதிரும்போது, மெத்தையைப் பிரித்துப் போட்ட மாதிரி வீடெல்லாம் பஞ்சு பறக்கும். தினமும் சீவ வேண்டும். யார் சீவப் போகிறார்கள்? ஆசைப்பட்ட வீட்டுக்காரரா? (அதை வாங்குவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.) வெயிலுக்காக மொட்டை அடிப்பதும் தப்பு. வெயில் தோலைச் சுடாமல் காப்பதும் அந்த ரோமம்தான்.

எனக்குக் கவலை தருவது நம் ஊர்ச் சூடுதான். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். காற்றில் ஈரப்பசை கூடிவிட்டால் அந்த வழியும் சரியாகப் பலிக்காது. 2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராது என்று ஒதுக்கிய இனங்களில் மலமூட்டும் ஒன்று. சகோதரி, வேண்டாம் என்றே சொல்வேன். ராத்திரி பகலாக ஏ.சி. ஓடினாலும், மின்சாரம் போகிற நேரம் என்று ஒன்று இருக்கிறதே!

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. விடியற்காலையிலும் பொழுது சாய்ந்து நெடுநேரம் கழித்தும் மட்டுமே நடத்திக் கூட்டிப் போங்கள். புறப்படுமுன் உங்கள் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஐந்தாறு விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் பொசுங்கும். விடாமல் இரைப்பு, கெட்டியான எச்சில், ஈறு மிகவும் சிவத்தல், தள்ளாட்டம், வாந்தி கண்டால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, மின்விசிறிக் காற்றில் விடுங்கள். மேல்ரோமம் மட்டும் நனைந்தால் போதாது, விரலால் விலக்கித் தோல் நனையும்படி ஊற்றுங்கள். வாய்க்குள் பலவந்தமாகப் புகட்டாதீர்கள். சற்றுத் தெளிந்த மாதிரி தெரிந்தாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். உள் உறுப்புகளுக்கு நேர்ந்த கெடுதல் பிறகுதான் தெரியவரும்.

நாலு வயதுப் பிள்ளைக்கு நாய்தான் வேண்டுமென்றால், இந்தச் சூட்டிலேயே பிறந்து வளரும் நாட்டுக்குட்டி இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் போட வேண்டிய ஊசிகளைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.