வடநாட்டுத் தொழிலாளரும் நம் தராசும்



சென்ற மாதம் சேவுகம்பட்டியில் ஒரு சில்லறைக் கடையில் நின்றிருந்தேன். ஒடிசாப் பையன் ஒருவன் கடுகு எண்ணெய் கேட்டான். பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் பத்து ரூபாய் வாங்கினார் கடைக்காரர். "அவனுக்கு என்ன அண்ணாச்சி தெரியும்?" என்று என்னிடமே சிரித்தார். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம். வாங்குபவர் எந்த மாநிலத்தவர் என்று சட்டம் பார்ப்பதில்லை.

இந்தியாவில் எங்கும் போய் வரவும், குடியிருக்கவும், தொழில் செய்யவும் அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு உரிமை தருகிறது. நம்மவர்கள் மும்பையில் கடை வைத்திருப்பதும் அதன் பலத்தில்தான். 1960-களின் கடைசியில் அங்கே தென்னாட்டார் கடைகள் தாக்கப்பட்டபோது, ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்த கதையை என் சித்தப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிப்பதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசின் குழு நேரில் வந்து விசாரித்தது. வதந்தி பரப்பியவர்கள் மீது வழக்கும் போட்டார்கள். அதற்குள் பலர் ரயிலேறிவிட்டனர். என் குடோனில் ஆட்டா மாவு தேங்கியது. வேடசந்தூர் நூற்பாலைப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று. 2020 அக்டோபர் முதல் வெளிமாநில ரேஷன் அட்டைக்கும், கைரேகை வைத்தால், இங்கே அரிசி, கோதுமை கிடைக்கும். வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லுங்கள். வியாபாரம் போய்விடாது, எண்ணெய்க்கும் பருப்புக்கும் நம்மிடம்தானே வர வேண்டும்?

கடைதோறும் இலக்கத்தில் எழுதிய விலைப் பலகை வைக்க, அடுத்த சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். ஆதரவு தர வேண்டுகிறேன்.